ஹியோஸ்: ஒரு சொட்டுப் பிசினும் ஜன்னல் இல்லாத சுவர்களும்

கிரேக்கத் தீவு என்று சொன்னதும் நம்ம எல்லார் மனசிலும் ஒரே படம்தான் வரும். வெள்ளைச் சுவர், நீலக் குவிமாடம், கீழே கடல், படிக்கட்டில் ஒரு பூனை. அது சாண்டோரினி. இன்னிக்கு நாம போகப்போற தீவில் அந்தப் படத்தை எடுக்க முடியாது. இங்கே தெற்குப் பகுதி ஊர்கள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே பதுங்கியிருக்கின்றன. வெளிச்சுவரில் அந்தக் காலத்தில் ஒரு ஜன்னல்கூட வைக்கவில்லை. ஏன் அப்படிக் கட்டினார்கள், அந்தச் சுவர் யாரைக் காப்பாற்றியது, யாரைக் காப்பாற்றவில்லை என்பதுதான் இந்த எபிசோட்.

தீவின் பெயர் ஹியோஸ். ஆங்கில எழுத்தைப் பார்த்துச் 'சியோஸ்' என்று படிப்பவர்களும் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் வாயில் அது ஹியோஸ்தான். ஏதென்ஸ் பக்கத்தில் இருக்கிற பிரேயஸ் துறைமுகத்தில் ராத்திரி கப்பல் ஏறினால் விடியும்போது இறங்கலாம். கிரேக்கத்தின் ஐந்தாவது பெரிய தீவு, சுமார் 840 சதுர கிலோமீட்டர். ஆனால் வரைபடத்தைத் திறந்து பார்த்தால் அது ஏதென்ஸை விட்டு ரொம்ப தூரத்தில், துருக்கிக் கரையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். எதிரே தெரிவது துருக்கியின் செஷ்மே. நடுவில் இருக்கும் கடல், குறுகலான இடத்தில் ஏழு கிலோமீட்டர்தான். இந்த ஏழு கிலோமீட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

முதலில் கடற்கரைக்குப் போய்விடுவோம். தெற்குக் கோடியில் எம்போரியோஸ் என்று ஒரு சின்னத் துறை இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் 'மாவ்ரா வோலியா' கடற்கரை. மணலே கிடையாது. முழுக்க முழுக்க வழவழப்பான கறுப்புக் கூழாங்கல். ஆதிகாலத்து எரிமலை ஒன்று விட்டுப்போன கல் அது. அலை திரும்பும்போது அந்தக் கற்கள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தத்தைக் கேட்கவே ஜனங்கள் அங்கே போய்ப் படுத்துக்கிடக்கிறார்கள். கல்லை எடுத்துக்கொண்டு வரக்கூடாது, அதற்குத் தடை இருக்கிறது. மேலே குன்றில் பழங்கால ஊர் ஒன்றின் அடித்தளங்களும் ஓர் அதீனா கோவிலும் உண்டு. 1950-களில் பிரிட்டிஷ் தொல்லியல் அறிஞர்கள் தோண்டிய இடம்.

அங்கிருந்து உள்ளே திரும்பினால் பிர்கி என்ற ஊர் வரும். இந்த ஊரை ஒரு தடவை பார்த்தால் மறக்க முடியாது. வீடு, கோவில், பால்கனியின் அடிப்பக்கம் என்று எல்லாச் சுவரிலும் கறுப்பும் வெள்ளையுமாக முக்கோணம், சதுரம், வட்டம், நட்சத்திரம் என்று வரிசை வரிசையாக வடிவங்கள். நம்ம ஊர்க் கோலத்தை யாரோ வாசலில் போடாமல் சுவர் முழுக்க ஏற்றிவிட்ட மாதிரி இருக்கும். 'ஸிஸ்டா' என்று பெயர், சுரண்டியது என்று அர்த்தம். கருமணல் கலந்த சாந்தைச் சுவரில் பூசுவார்கள். அதன் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அது காய்வதற்குள் முள்கரண்டி மாதிரி ஒரு கருவியால் சுரண்டினால் அடியில் இருக்கிற கறுப்பு வெளியே தெரியும். அவ்வளவுதான் வித்தை. பால்கனிகளில் சிறு தக்காளிகளை மாலை மாலையாகக் கட்டிக் காயப்போட்டிருப்பார்கள். சுற்றுலாக்காரர்கள் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நாம் கொஞ்சம் தெருவுக்குள் நுழைவோம்.

பிர்கியிலும் பக்கத்தில் இருக்கும் ஒலிம்பி, மெஸ்தா ஊர்களிலும் தெருக்கள் புரியாத புதிர். ரெண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி வழிவிடவேண்டும். பல இடங்களில் தலைக்கு மேலே வளைவு கட்டி, அதன் மேல் அறை. சில சந்துகள் முட்டுச்சந்து. இதில் மெஸ்தாதான் இன்னும் அச்சுக் குலையாமல் இருக்கிறது. ஊரின் எல்லையில் இருக்கிற வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். அவற்றின் பின்சுவர்தான் ஊருக்கு மதில். வாசல்கள் எல்லாம் உள்பக்கம். நான்கு மூலையில் காவல் கோபுரம், நடுவில் ஒரு பெரிய கோபுரம். கூரைகள் எல்லாம் தட்டையாக, கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் இருக்கும். கடற்கொள்ளையர்கள் வந்து வாசலை உடைத்துவிட்டால், ஜனங்கள் தெருவில் இறங்காமலே கூரை மேல் ஓடி நடுக்கோபுரத்துக்குள் போய்விடலாம். பொழுது சாய்ந்தால் ஊர்க்கதவு மூடிவிடும்.

வழிகாட்டிகள் இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுவார்கள்: கொள்ளையர்களிடமிருந்து ஜனங்களைக் காப்பாற்றக் கட்டிய ஊர்கள் என்று. பொய்யில்லை. ஆனால் ஏஜியன் கடலில் கொள்ளையர் பயம் இல்லாத தீவு எது? எல்லாத் தீவிலும் யாரும் விவசாயிக்கு இப்படி ஒரு கோட்டை கட்டிக் கொடுக்கவில்லையே. காசு செலவழித்துச் சுவர் எழுப்ப ஒரு காரணம் இருந்திருக்கவேண்டும். அந்தக் காரணம் ஊருக்கு வெளியே, தோப்பில் நிற்கிறது.

ஆள் உயரத்தைக் கொஞ்சம் தாண்டுகிற புதர் மாதிரியான மரம். முறுக்கிக்கொண்ட அடிமரம், எப்போதும் பச்சை. பிஸ்தா மரத்தின் சொந்தக்காரன். இதே இன மரம் மத்தியதரைக் கடல் ஓரம் எல்லா இடத்திலும் வளர்கிறது. ஆனால் ஹியோஸின் தெற்குப் பகுதியில் நூற்றாண்டுகளாக வளர்த்து வந்த வகை மட்டும்தான் அறுவடை செய்கிற அளவுக்குப் பிசின் கொடுக்கிறது. அந்தப் பிசினுக்கு மாஸ்டிக் என்று பெயர், கிரேக்கத்தில் மஸ்திகா. பல்லால் அரைப்பது என்ற பொருளுள்ள பழைய கிரேக்கச் சொல்லோடு சேர்ந்தது இந்தப் பெயர். உலகத்தின் ஆதி சூயிங்கம் என்று சொன்னால் தப்பில்லை.

இது நமக்கு அந்நியப் பொருள் என்று நினைக்காதீர்கள். நம்ம ஊர் நாட்டு மருந்துக் கடையில் 'ரூமி மஸ்தகி' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அதேதான். யுனானி வைத்தியத்தில் வயிற்றுக் கோளாறுக்குச் சேர்க்கிற சரக்கு. 'ரூமி' என்றால் ரோமாபுரி ராஜ்யத்துச் சரக்கு. அதாவது கான்ஸ்டான்டிநோபிளை ஆண்ட கிழக்கு ரோமானியர்களின் நாட்டிலிருந்து வந்தது. 'யுனானி' என்ற சொல்லே அயோனியா என்பதிலிருந்து வந்தது, நம்ம இலக்கியத்தில் வருகிற 'யவனர்' என்பதும் அங்கிருந்துதான். ஹியோஸ், பழைய அயோனிய நகரங்கள் பன்னிரண்டில் ஒன்று. ஆக மருந்துக்கடைப் பொட்டலத்தில் தீவின் முகவரி இவ்வளவு காலமாக எழுதியே இருக்கிறது, நாம்தான் படிக்கவில்லை.

அறுவடை எப்படி என்று பார்த்தால்தான் விலை புரியும். கோடையில் மரத்தடியைச் சுத்தமாகப் பெருக்கி, மண்ணைச் சமன் செய்து, மேலே வெள்ளைச் சுண்ணக்கல் பொடியைப் பரப்புவார்கள். பிறகு கூரான கருவியால் பட்டையில் சின்னச் சின்னக் கீறல். இந்தக் கீறலுக்கு அவர்கள் வைத்த பெயர் 'கெந்திமா', பூத்தையலுக்கும் அதே சொல்தான். கீறின இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாகப் பிசின் வழிந்து அந்த வெள்ளைப் பொடியில் விழும். இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருந்தால் கெட்டியாகும். பொறுக்குவார்கள். குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்து ஒவ்வொரு துளியாகச் சிறு கத்தியால் சுரண்டிச் சுத்தம் செய்வார்கள், பெரும்பாலும் பெண்கள். இத்தனைக்கும் பிறகு ஒரு மரம் ஒரு வருஷத்துக்குக் கொடுப்பது சராசரியாக இருநூறு கிராமுக்கும் குறைவு. மரம் வைத்து முதல் சொட்டைப் பார்க்கவே ஐந்தாறு வருஷம். அந்தத் துளிக்கு 'கண்ணீர்' என்று பெயர். ரோமானியர்கள் புனித இசிடோர் என்பவரை இங்கே கொன்றபோது மரங்கள் அழுதன, அன்றிலிருந்து அழுதுகொண்டிருக்கின்றன என்பது உள்ளூர்க் கதை.

இந்தக் கண்ணீரைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் ஜெனோவாக்காரர்கள். 1346-ல் அவர்களுடைய கப்பற்படை தீவைப் பிடித்தது. இதில் ஒரு சுவாரசியம் என்னன்னா, பிடித்தது அரசாங்கம் மாதிரித் தெரிந்தாலும், கப்பல்களுக்குக் காசு போட்டது தனியார். ஜெனோவா அரசிடம் கடனைத் திருப்பிக் கொடுக்கப் பணமில்லை. அதனால் தீவின் வருமானத்தையே முதலாளிகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. அந்தக் கூட்டுக் கம்பெனிக்கு 'மவோனா' என்று பெயர். பிற்பாடு பங்குதாரர்கள் எல்லாம் 'ஜுஸ்தினியானி' என்று ஒரே குடும்பப் பெயரை வைத்துக்கொண்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி பிறப்பதற்கு 250 வருஷம் முன்னால், ஒரு கம்பெனி ஒரு தீவை நடத்தியிருக்கிறது. 1566 வரைக்கும், 220 வருஷம்.

மதில் கிராமங்கள் இன்றிருக்கிற வடிவத்தை எடுத்தது இவர்கள் காலத்தில்தான். மாஸ்டிக்கைக் கம்பெனிக்கு மட்டும்தான் கொடுக்கவேண்டும், விலையைக் கம்பெனிதான் வைக்கும். திருடினாலோ ஒளித்து விற்றாலோ அளவுக்குத் தகுந்த தண்டனை: அபராதத்தில் ஆரம்பித்து, காது, மூக்கு, கை என்று போய், அதிகமாக இருந்தால் தூக்கு. இப்போது அந்த ஊர்க்கதவை இன்னொரு தடவை பாருங்கள். இரவில் மூடுகிற கதவு கொள்ளையனை வெளியே நிறுத்துகிறது, சரி. விவசாயியையும் அவன் பறித்த பிசினையும் உள்ளே நிறுத்துகிறதே? என்னைக் கேட்டால், அந்தச் சுவர் ரெண்டு பக்கமும் வேலை செய்த சுவர்.

கொலம்பஸ் கதையையும் இங்கே சொல்லிவிடவேண்டும். அவரும் ஜெனோவாக்காரர். மாஸ்டிக் எடுக்கிறதை ஹியோஸில் பார்த்ததாக அவரே எழுதியிருக்கிறார். 1493-ல் அமெரிக்கப் பயணம் முடிந்து அனுப்பிய புகழ்பெற்ற கடிதத்தில், தங்கம், பருத்தியோடு சேர்த்து, இதுவரை ஹியோஸில் மட்டுமே கிடைத்த மாஸ்டிக் இனி வேண்டிய அளவு கிடைக்கும் என்று ஸ்பெயினுக்கு ஆசை காட்டுகிறார். கரீபியனில் அவர் பார்த்தது வேறு மரம். ஆனால் புது உலகத்தைக் கண்டவுடன் ஒரு வியாபாரிக்கு முதலில் ஞாபகம் வந்த சரக்குகளில் இது ஒன்று என்றால், அதன் மதிப்பை யோசித்துக்கொள்ளலாம்.

1566-ல் ஒட்டோமான்கள் தீவை எடுத்துக்கொண்டார்கள். துருக்கியில் தீவுக்கே 'சக்கிஸ்' என்று பெயர், பிசின் என்று அர்த்தம். மாஸ்டிக் கிராமங்களுக்குத் தனி நிர்வாகம் கொடுத்தார்கள். வரியைப் பிசினாகக் கட்டினால் போதும். ஊர் விவகாரத்தை ஊரே பார்த்துக்கொள்ளலாம். முதல்தரச் சரக்கு இஸ்தான்புல் அரண்மனைக்குப் போனது. அந்தப்புரப் பெண்கள் வாய் மணக்க மென்றார்கள். வடக்கே ஹியோஸ் நகரத்து வணிகர்கள் பட்டிலும் கப்பலிலும் பணம் பார்த்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு முடிகிறபோது ஏஜியனிலேயே வசதியான தீவுகளில் இது ஒன்று.

அதனால்தான் 1821-ல் கிரேக்க விடுதலைப் போர் வெடித்தபோது ஹியோஸ்காரர்கள் தயங்கினார்கள். ஹிட்ராத் தீவிலிருந்து கப்பல்கள் வந்து கூப்பிட்டும் சேரவில்லை. கோழைத்தனம் என்று அப்போதே திட்டியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஏழு கிலோமீட்டர் இருக்கிறதே! எதிர்க்கரையில் படை திரண்டால் இங்கிருந்து புகையைப் பார்க்கலாம். விடுதலை வீரர்களுக்கு ஊர் திரும்பக் கப்பல் இருந்தது, இவர்களுக்கு ஊரே அதுதான்.

1822 மார்ச்சில் பக்கத்துத் தீவான சாமோஸிலிருந்து லிகூர்கோஸ் லோகோதெதிஸ் தலைமையில் ஆயுதக் கூட்டம் ஒன்று வந்து இறங்கியது. கோட்டையை முற்றுகையிட்டது. ஏப்ரலில் காரா அலி தலைமையில் ஒட்டோமான் கப்பற்படை வந்ததும் அந்தக் கூட்டம் பின்வாங்கிவிட்டது. மாட்டிக்கொண்டவர்கள் தீவுக்காரர்கள். ஏழு கிலோமீட்டரைத் தாண்டி எதிர்க்கரையிலிருந்தும் ஆட்கள் கொள்ளைக்குக் கிளம்பி வந்தார்கள். லட்சத்தை ஒட்டிய மக்கள்தொகையில் பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். பல்லாயிரம் பேர், முக்கியமாகப் பெண்களும் குழந்தைகளும், அடிமைச் சந்தைக்குப் போனார்கள். பிணையாகப் பிடித்து வைத்திருந்த ஊர்ப் பெரியவர்களையும் பேராயர் பிளாட்டோனையும் தூக்கிலிட்டார்கள். இதற்கு முந்தைய வருஷம் திரிபொலிட்ஸா நகரத்தில் கிரேக்கப் படைகள் ஆயிரக்கணக்கான முஸ்லிம்களையும் யூதர்களையும் கொன்றிருந்தன என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் கணக்கைத் தீர்த்தது அங்கே இருந்தவர்களிடம் இல்லை.

தீவின் நடு மலையில் நேயா மோனி என்ற பதினோராம் நூற்றாண்டு மடம் இருக்கிறது. தங்கப் பின்னணியில் செய்த அதன் மொசைக் ஓவியங்களுக்காக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அடைக்கலம் தேடி அங்கே ஓடியவர்களும் துறவிகளும் கொல்லப்பட்டார்கள். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிற்றாலயம். உள்ளே கண்ணாடி அலமாரியில் அவர்களுடைய மண்டை ஓடுகளை வைத்திருக்கிறார்கள். சிலவற்றில் வெட்டு விழுந்த தடம் தெரியும். சில மண்டை ஓடுகள் ரொம்பச் சின்னவை. கொஞ்ச தூரத்தில் அனவாடோஸ் என்ற ஊர், செங்குத்துப் பாறை உச்சியில், இன்று கிட்டத்தட்டக் காலி. பிடிபடாமல் இருக்க அங்கிருந்து ஜனங்கள் குதித்தார்கள் என்று தீவில் சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

சரி, தெற்கே மாஸ்டிக் கிராமங்கள்? அவற்றைத் தொடக்கூடாது என்று உத்தரவு. அரண்மனைக்குப் பிசின் வேண்டுமே. மரத்தைக் கீறத் தெரிந்த கைகள் வேண்டுமே. பிர்கியும் மெஸ்தாவும் இன்று முழுசாக நிற்க அது ஒரு காரணம். 'மரம் அவர்களைக் காப்பாற்றியது' என்று சுற்றுலாக் கையேடுகள் இதை அழகாக எழுதி முடித்துவிடும்.

கதை அங்கே முடியவில்லை. ஜூன் மாதம் ஓர் இரவு, கோன்ஸ்டாண்டினோஸ் கனாரிஸ் என்ற மாலுமி தீப்படகு ஒன்றைக் கொண்டுபோய்க் காரா அலியின் கொடிக்கப்பலில் மாட்டிவிட்டுத் தப்பினார். கப்பல் வெடித்தது, காரா அலியும் செத்தார். கிரேக்கர்களுக்குக் கனாரிஸ் மாபெரும் வீரர்; பின்னால் பல தடவை பிரதமராகவும் ஆனார். ஆனால் அந்த வெடிப்புக்குப் பழிவாங்கத் தரையில் இருந்த படைகள் போனது எங்கே தெரியுமா? அதுவரை விட்டுவைத்திருந்த மாஸ்டிக் கிராமங்களுக்கு. பிசினுக்கு இருந்த மதிப்பு உயிருக்கு ரெண்டு மாசத் தவணைதான் வாங்கிக் கொடுத்தது. சுவர்கள் நின்றன. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் நிற்கவில்லை.

செய்தி ஐரோப்பாவை உலுக்கியது. இளம் ஓவியர் தெலக்ருவா, கிரேக்கத்துக்குப் போகாமலே, நாலு மீட்டர் உயர ஓவியமாக இதை வரைந்து 1824-ல் பாரிஸில் காட்சிக்கு வைத்தார். இன்று லூவரில் இருக்கிறது. தப்பித்த வணிகக் குடும்பங்கள் மார்சேய், டிரியெஸ்ட், லண்டன் என்று ஏற்கெனவே கிளை வைத்திருந்த உறவினர்களிடம் போய்ச் சேர்ந்தன. அவற்றில் ஒன்று ராலி குடும்பம். லண்டனில் 'ராலி பிரதர்ஸ்' என்று வளர்ந்து, 1851-ல் கல்கத்தாவில் கடை திறந்து, சணல், பருத்தி வியாபாரத்தில் பெரிய கையானது. நம்ம விவசாயிகளுக்குப் பூச்சிமருந்து டப்பாவில் 'ராலிஸ்' என்ற பெயரைத் தெரியும், வீட்டுப் பெரியவர்களுக்கு 'ராலிஃபேன்' ஞாபகம் இருக்கலாம். அந்தப் பெயர் கிளம்பியது இந்தத் தீவிலிருந்து.

1881-ல் பெரிய பூகம்பம், ஆயிரக்கணக்கில் சாவு. 1912-ல் தீவு கிரேக்கத்தோடு சேர்ந்தது. பத்து வருஷம் கழித்து எதிர்க்கரையிலிருந்து கிரேக்க அகதிகள் அதே ஏழு கிலோமீட்டரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார்கள். இதெல்லாம் தனித்தனி எபிசோடுக்கான விஷயம், வேகமாகத் தாண்டிவிடுகிறேன்.

பிசின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுகிற வருஷம் 1938. கம்பெனியும் சுல்தானும் போன பிறகு விலையைத் தனியார் வியாபாரிகள் வைத்தார்கள். சரக்கு தேங்கினால் அடிமாட்டு விலை. அந்த வருஷம் சட்டம் போட்டு, மாஸ்டிக் விவசாயிகள் எல்லாரையும் ஒரே கூட்டுறவு அமைப்பில் சேர்த்தார்கள். கம்பெனி வைத்திருந்த அதே ஏகபோகம், இந்தத் தடவை கீறுகிறவன் கையில். 1997-ல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பெயர்ப் பாதுகாப்பு கொடுத்தது. 2014-ல் இந்த விவசாய முறையை யுனெஸ்கோ பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பிர்கிக்குப் பக்கத்தில் 2016-ல் திறந்த மாஸ்டிக் அருங்காட்சியகத்தில் கருவிகள், கணக்குப் புத்தகங்கள், பழைய சூயிங்கம் இயந்திரங்கள் எல்லாம் இருக்கின்றன. வெளியே நிஜ மரங்களும் உண்டு.

இப்போதைய பயம் வேறு. 2012 ஆகஸ்டில் காட்டுத்தீ தெற்குத் தோப்புகளில் பெரும் சேதம் செய்தது. 2025 கோடையிலும் தீவில் பெரிய தீ. எரிந்த இடத்தில் புதுக்கன்று வைத்தாலும் முதல் சொட்டுக்கு ஐந்தாறு வருஷம் என்று சொன்னேன் இல்லையா? அதுவரை அந்தக் குடும்பம் என்ன செய்யும்? நகரத்துக்குப் போன பிள்ளை திரும்பி வருமா? மதிலால் தடுக்க முடியாத விஷயம் இது.

போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கீறலும் பொறுக்கலும் பார்க்க ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் போங்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால், விடியற்காலையில் தோப்பில் இருக்கவேண்டும். மெஸ்தாவில் வரைபடத்தை நம்பாதீர்கள், எந்தச் சந்தில் நுழைந்தாலும் கடைசியில் நடுச்சதுக்கத்துக்குத்தான் வருவீர்கள். அங்கே பழைய நடுக்கோபுரம் இருந்த இடத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தேவாலயம் நிற்கிறது. காபிக்கடையில் 'நீர்மூழ்கி' கேளுங்கள்: குளிர்ந்த தண்ணீர் டம்ளருக்குள் ஒரு ஸ்பூன் வெள்ளை மாஸ்டிக் பாகு. வெறும் பிசின் துளியை வாயில் போட்டால் முதலில் மாவாக உடையும், லேசாகக் கசக்கும். துப்பிவிடாதீர்கள். ஒரு நிமிஷம் மென்றால் வெள்ளையாகத் திரண்டு, தேவதாரு மாதிரி ஒரு மணம் வரும்.